மழைத்தண்ணீரில் போய் வந்த பிறகு கேஸ் பாக்ஸ் படுத்துவிட்டது, பெட்ரோலிலும் மிஸ் அடிக்கிறது. சரி செய்யலாமா, மாற்றணுமா?

மேடவாக்கம் வேகன் எழுதியது:

வணக்கம். சொந்தமாக ஒரு வேகன் ஆர் வைத்து கால் டாக்ஸி ஓட்டுகிறேன். 2019 மாடல், 1.2 பெட்ரோல், நாலு சிலிண்டர். இரண்டு வருடம் முன்பு வெளியே சீக்குவென்ஷியல் சிஎன்ஜி கிட் போட்டேன். ஆர்சி புக்கிலும் ஏற்றியாகிவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ராத்திரி, ஓஎம்ஆர் டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் நின்று நின்று வந்து, பெரும்பாக்கத்தில் சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பினேன். ரோட்டில் தண்ணீர் பம்பர் உயரம். வண்டி நிற்கவில்லை, மெதுவாக ஏறி வந்துவிட்டேன். மறுநாள் காலையில் கேஸுக்கு மாறவில்லை, ஸ்விட்சில் லைட் விட்டு விட்டு எரிந்தது. கிட்டின் கண்ட்ரோல் பாக்ஸ், அதைத்தான் கேஸ் பாக்ஸ் என்கிறேன், பேட்டரி பக்கத்தில் இருக்கிறது. திறந்து பார்த்தால் உள்ளே தண்ணீர்.

கழற்றி இரண்டு நாள் அரிசி டின்னில் புதைத்து வைத்தேன். அப்புறம் மெக்கானிக் ஒருத்தர் காற்றடித்து, மூடியைச் சுற்றியும் போர்டு மேலேயும் சிலிக்கான் பேஸ்ட் போட்டு மூடிக் கொடுத்தார். பத்து நாள் நன்றாக ஓடியது. இப்போது கேஸ் சுத்தமாக இல்லை. பெட்ரோலிலேயே இரண்டு சிலிண்டர் மிஸ் ஆகிற மாதிரி உதறுகிறது, செக் லைட் எரிகிறது. புது பாக்ஸ் போடப் பன்னிரண்டாயிரம் கேட்கிறார்கள்.

கேஸ் பாக்ஸ் போனால் பெட்ரோல் ஏன் கெட வேண்டும்? இதைச் சரி செய்ய முடியுமா? புதுசு போட்டாலும் அடுத்த மழையில் இதே கதைதான் என்றால் என்ன செய்வது? வண்டி நின்றால் வருமானம் நிற்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பாக்ஸ் இருக்கும் இடத்தின் போட்டோ கீழே போட்டிருக்கிறேன்.

சேலம் ரோடு எழுதியது:

புது பாக்ஸ் வாங்குங்கள். மூடியைத் திறந்து எபாக்ஸி கலந்து முழுக்க ஊற்றிவிடுங்கள். கல்லு மாதிரி ஆகிவிடும், ஆயுசுக்கும் தண்ணீர் ஏறாது. என் டிராக்டர் ஃபிளாஷர் யூனிட்டுக்கு அப்படித்தான் செய்தேன், நாலு வருடமாக ஓடுகிறது.

கோவை பெஞ்ச் எழுதியது:

அண்ணா, முதலில் ஒரு வேலை. இதைப் படித்து முடிக்கும் முன் போய், பேட்டரியிலிருந்து அந்த பாக்ஸுக்கு வரும் ஃபியூஸைப் பிடுங்கிவிடுங்கள். கேஸ் சிலிண்டரில் இருக்கும் கை வால்வையும் மூடிவிடுங்கள். சாவியை எடுத்த பிறகும் அந்தப் பெட்டிக்கு 12 வோல்ட் போய்க்கொண்டேதான் இருக்கும். ஈரமும் கரண்டும் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உள்ளே செம்பு கரைந்துகொண்டிருக்கிறது.

பதினான்கு வருடமாகக் கார் போர்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்த பிறகு சென்னையிலிருந்து மட்டும் பதினோரு கேஸ் பாக்ஸ் எனக்குப் பார்சலில் வந்தன. ஏழு பிழைத்தன. பிழைக்காத நாலும் தண்ணீர் ஏறிய பிறகும் ஃபியூஸ் எடுக்காமல் நாட்கணக்கில் வண்டியிலேயே இருந்தவை.

பெட்ரோல் ஏன் கெட்டது என்று கேட்டீர்கள். கிட் போடும்போது, எஞ்சினுக்குப் பெட்ரோல் பீய்ச்சுகிற நாலு இன்ஜெக்டருக்கும் போகிற வயரில் ஆளுக்கு ஒன்றை வெட்டி, இரண்டு நுனியையும் கேஸ் பாக்ஸுக்குள் கொண்டுபோய் விடுவார்கள். கேஸில் ஓடும்போது பாக்ஸ் அந்த வழியை அடைத்துவிட்டு, இன்ஜெக்டர் வேலை செய்கிற மாதிரியே பெட்ரோல் ஈசியூவுக்கு, அதாவது வண்டியின் எஞ்சின் கம்ப்யூட்டருக்கு, காட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் கேஸில் போகும்போது செக் லைட் வருவதில்லை. பெட்ரோலில் ஓடும்போதும் கரண்டு அந்த பாக்ஸுக்குள் நுழைந்துதான் வெளியே வரணும். உள்ளே அந்த வழி அரித்துப் போனால் அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் கிடையாது. உங்களுக்கு இரண்டு சிலிண்டர் அப்படித்தான் போயிருக்கும்.

ஆகவே இன்றைக்கே வண்டியை ஓட வைக்கலாம். வெட்டிய இடத்தில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் இரண்டு நுனியையும் திரும்ப ஒன்றோடு ஒன்று சேர்த்துவிட்டால் கிட் போடுவதற்கு முன்பு இருந்த மாதிரியே ஆகிவிடும். சில கிட்டுகளில் இதற்கென்றே ஒரு சின்ன பைபாஸ் கப்ளர் (வயர்களை இணைக்கிற சொருகி) கொடுப்பார்கள், டேஷ்போர்டு டிராயரில் தேடிப் பாருங்கள். ஒரு சிலிண்டரின் நுனியை இன்னொரு சிலிண்டரோடு மட்டும் மாற்றிச் சேர்த்துவிடாதீர்கள்.

அடுத்தது, தண்ணீர் எப்படி உள்ளே போனது. மேலிருந்து ஊற்றவில்லை, பெட்டி அதுவாகவே உறிஞ்சிக்கொண்டது. ஒரு மணி நேரம் டிராஃபிக்கில் நின்ற வண்டியின் பானெட்டுக்குள் அந்தப் பெட்டி 75 டிகிரி சூட்டில் இருந்திருக்கும் என்று வையுங்கள். மழைத்தண்ணீர் 28 டிகிரி. சூடான காற்று சட்டென்று குளிர்ந்தால் சுருங்கும், ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. 200 மில்லி காற்று இருக்கும் பெட்டி என்றால் 27 மில்லி இடம் காலி. அந்த இடத்தை நிரப்ப வெளியே காற்று இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது. அந்த இழுப்பு, பெட்டியை 1.4 மீட்டர் ஆழத்தில் முக்கி வைத்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு. நீங்கள் பம்பர் உயரத் தண்ணீரில்தான் வந்தீர்கள், பெட்டிக்கு அது ஆள் மட்டக் கிணறு.

‘பாக்ஸ் மேல் ஐபி67 என்று போட்டிருக்கிறதே’ என்று எல்லோரும் என்னிடம் கேட்பார்கள். தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று சொல்கிற குறியீடு அது. அந்த 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். அந்தச் சோதனையில் தண்ணீருக்கும் பெட்டிக்கும் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது விதி. சூட்டோடு முங்குவது அந்தச் சோதனையிலேயே இல்லை. பீய்ச்சி அடிக்கிற தண்ணீரைத் தாங்குமா என்பதும் அதில் வராது, அதற்கு வேறு எண்கள் இருக்கின்றன. ஆயுத பூஜை முடிந்த வாரம் என் மேசை நிறைந்துவிடுவது இதனால்தான். ஓட்டி வந்த சூட்டோடு பானெட்டைத் திறந்து பிரஷர் வாட்டர் அடிப்பார்கள். மழையை விட அந்த ஒரு நாள்தான் அதிகப் பெட்டிகளைக் கொன்றிருக்கிறது என்பது நான் பார்த்தது. தயவுசெய்து எஞ்சினைக் கழுவணும் என்றால் ராத்திரி முழுக்க ஆறிய வண்டியைக் கழுவுங்கள். அதுவும் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

போட்டோவில் இன்னொன்றும் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. உங்கள் பாக்ஸின் கப்ளர் வானத்தைப் பார்த்து இருக்கிறது. கிட் போட்டவர் வயர் நீளம் பத்தவில்லை என்று அப்படி வைத்திருப்பார். அது கீழே பார்த்துத்தான் இருக்கணும். வயரும் பெட்டிக்குக் கீழே தொட்டில் மாதிரி தொங்கி வளைந்து மேலே ஏறி வரணும். அப்போதுதான் வயர் வழியாக ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போகும்.

இப்போது கழுவுவது. அரிசி ஈரத்தை இழுக்கலாம், உப்பை இழுக்காது. ரோட்டுத் தண்ணீர் என்பது சாக்கடையும் சேர்ந்த தண்ணீர். அது காய்ந்த பிறகு போர்டு மேல் ஒரு உப்புத் தோல் தங்கும். அடுத்த நாள் காற்றில் இருக்கும் ஈரமே அதைத் திரும்ப நனைக்கப் போதும். உங்கள் பாக்ஸ் பத்து நாள் ஓடிவிட்டுப் போனது அந்தத் தோலால்தான்.

பெட்டியிலிருந்து போர்டை எடுங்கள். சிலிக்கானை மூங்கில் குச்சியால் சுரண்டி எடுங்கள், இரும்பு வேண்டாம். முகர்ந்து பாருங்கள், காடி மாதிரி புளித்த வாடை அடித்தால் அது கண்ணாடிக்கும் பாத்ரூமுக்கும் போடுகிற வகை. காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், செம்பைத் தின்னும். எலக்ட்ரானிக்ஸுக்கு என்று வாடை இல்லாத வகை தனியாக வருகிறது.

முதல் கழுவல் டிஸ்டில்டு வாட்டரில், பேட்டரிக்கு ஊற்றுகிறோமே அதேதான். உப்பு தண்ணீரில்தான் கரையும், ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. மெல்லிய டூத்பிரஷ்ஷால் போர்டில் இருக்கும் பாகங்களின் கால்களுக்கு நடுவில், பெரிய கெப்பாசிட்டருக்கு அடியில், சாக்கெட் பின்களின் வேரில் நன்றாகத் தேயுங்கள். தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள். அதன் பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு குளியல், அது மிச்சத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். ரிச்சி தெருவில் லிட்டர் கணக்கில் கிடைக்கும். நெருப்புப் பக்கம் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆல்கஹால் முழுக்கப் பறந்து வாடை போன பிறகு, ஒரு அட்டைப் பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு எரியவிட்டு அதில் ஆறு மணி நேரம் வையுங்கள். 60 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள்.

காய்ந்ததும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பேட்டரி பிளஸ் வருகிற பின்னை முதலில் பாருங்கள். கரைவது எப்போதும் அந்தப் பக்கம்தான். சில போர்டுகளில் இரண்டு கால்களுக்கு நடுவில் கொடி படர்ந்த மாதிரி ஒரு மெல்லிய உலோகக் கொடி முளைத்திருக்கும். கண்ணுக்குத் தூசி மாதிரிதான் தெரியும். பிளஸ்ஸில் கரைந்த உலோகம் மைனஸ் பக்கத்திலிருந்து திரும்ப வளர்ந்து வந்த கொடி அது. அது எட்டித் தொட்ட நொடியில்தான் ஸ்விட்ச் லைட் விட்டு விட்டு எரிய ஆரம்பித்திருக்கும்.

சேலம் நண்பர் சொன்ன எபாக்ஸிக்கு வருகிறேன். ஃபிளாஷருக்கு அது சரி. இதில் வேண்டாம். கல்லாக இறுகிய எபாக்ஸி சூட்டில் ஒரு அளவு விரியும், போர்டு வேறு அளவு விரியும். எஞ்சின் பக்கத்தில் தினமும் சூடேறி ஆறினால் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்களின் ஈயத்தைப் பிய்த்துவிடும். அப்படிப் பிய்ந்தால் திறந்து பார்க்கவும் வழியில்லை. பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பொருளை ஒரு ஐம்பது ரூபாய் டிரான்சிஸ்டருக்காகத் தூக்கிப் போட வைக்கிற வேலையை நான் செய்ய மாட்டேன். கன்ஃபார்மல் கோட்டிங் என்று போர்டு மேல் மெல்லிய பாதுகாப்புப் படலமாகப் படிகிற ஸ்ப்ரே வருகிறது, அதில் அக்ரிலிக் வகை வாங்குங்கள். பின்னால் ரிப்பேர் வந்தால் கரைப்பான் ஊற்றித் துடைக்கலாம், அதன் மேலேயே ஈயமும் வைக்கலாம். மெல்லிசாக இரண்டு கோட். சாக்கெட் பின், மூடாத ரிலே, காற்றழுத்த சென்சாரின் ஓட்டை, இவற்றையெல்லாம் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்கணும்.

கழுவிப் பார்த்துவிட்டு என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். அதுவரை கரண்டு கொடுக்க வேண்டாம்.

தூத்துக்குடி உப்பளம் எழுதியது:

போர்டைப் பார்க்கிறவர்கள் கப்ளரை விட்டுவிடுகிறார்கள். எங்கள் ஊரில் காற்றே உப்பு, அனுபவத்தில் சொல்கிறேன். வண்டிப் பக்கத்து கப்ளரில் ஒவ்வொரு பெண் பின்னையும் பாருங்கள். ஆண் பின்னை ஒன்று தனியாகக் கையில் எடுத்துச் செருகி இழுத்தால் லேசாகப் பிடிக்கணும். வழுக்கிக்கொண்டு வந்தால் அதன் ஸ்பிரிங் போய்விட்டது, எத்தனை சுத்தம் செய்தாலும் குலுக்கலில் தொடர்பு விடும். அந்தப் பின்னையே மாற்றணும். டைஎலக்ட்ரிக் கிரீஸ் (கரண்டு கடத்தாத கிரீஸ்) கப்ளரின் ரப்பர் விளிம்பில் தடவுங்கள். குழி முழுக்க அடைத்துவிட்டால் கப்ளர் கடைசிவரை உட்காராது.

இன்னொன்று, வயரைக் கொஞ்சம் வெட்டிப் பாருங்கள். உள்ளே கறுத்திருந்தால் தண்ணீர் திரி மாதிரி ஏறியிருக்கிறது.

மேடவாக்கம் வேகன் எழுதியது:

கோவை அண்ணா, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் மீதியைப் படித்தேன். டேஷ்போர்டில் பைபாஸ் கப்ளர் இல்லை. இன்ஜெக்டர் வயர்களை ஒவ்வொன்றாக டெஸ்டர் வைத்துப் பார்த்துச் சேர்த்தேன். நாலு சிலிண்டரும் பிடித்துவிட்டது, அன்று சாயங்காலமே ஏர்போர்ட் சவாரி போனேன். பெட்ரோல் செலவு கடிக்கிறது, ஆனால் வண்டி ஓடுகிறது. எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

போர்டைக் கழுவினேன். சிலிக்கானில் நீங்கள் சொன்ன அதே புளித்த வாடை. அதைச் சுரண்டிய இடத்தில் எல்லாம் அடியில் பச்சை. முதல் கழுவல் தண்ணீர் டீ வடிகட்டிய நிறத்தில் வந்தது. பெரிய கெப்பாசிட்டருக்கு அடியிலிருந்து பிரஷ்ஷில் சேறு வந்தது, அரிசித் தவிடும் வந்தது. பேட்டரி பிளஸ் பின் பாதி மெலிந்து ஊசி மாதிரி நிற்கிறது. சாக்கெட்டிலிருந்து உள்ளே போகும் செம்புக் கோடுகளில் இரண்டு நடுவில் அறுந்திருக்கின்றன, நகத்தின் வெள்ளை அளவு இடைவெளி. தூத்துக்குடி நண்பர் சொன்னபடி வயரையும் வெட்டினேன். மேலே புதுசு மாதிரி இருக்கிறது, உறையை உரித்தால் உள்ளே கரி. ஒரு சாண் தள்ளி வெட்டியும் கரிதான், ஒன்றரைச் சாணில்தான் செம்பு நிறம் வந்தது.

அந்த அறுந்த கோடுகளை ஒட்ட முடியுமா? கிட்டின் செட்டிங் ஃபைல் என்னிடம் இல்லை, போட்டவரிடமும் இல்லையாம்.

கோவை பெஞ்ச் எழுதியது:

படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது அண்ணா. இரண்டு கோடு அறுந்ததும் இரண்டு சிலிண்டர் மிஸ் ஆனதும் கணக்குச் சரியாக வருகிறது. அறுந்த கோட்டின் இரண்டு பக்கமும் பச்சை மேல்பூச்சைப் பிளேடால் மெல்லச் சுரண்டிப் பளபளப்பான செம்பு தெரிந்ததும் ஈயம் பூசி, மேலே ஒரு வயர் வைத்துப் பாலம் கட்டணும். முடி மாதிரி வயர் வைக்காதீர்கள், இன்ஜெக்டர் கரண்டு அதில் போகணும். மெலிந்த பின்னை நம்ப வேண்டாம். பழைய செத்த பாக்ஸ் ஒன்று கிடைத்தால் அதிலிருந்து சாக்கெட்டையே கழற்றி மாற்றலாம், புதுப்பேட்டையில் விசாரித்துப் பாருங்கள். சாக்கெட் மாற்றுவது கை பழகினவர் செய்கிற வேலை. உங்கள் பக்கம் நல்ல போர்டு ரிப்பேர் ஆள் இருந்தால் அவரிடம் கொடுங்கள். கறுத்த வயரில் ஈயம் ஒட்டாது, நல்ல செம்பு வரும்வரை வெட்டிவிட்டுப் புது வயர் சேர்த்து, உள்ளே பசை இருக்கும் ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்குகிற குழாய்) போட்டு மூடுங்கள். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் ஒரு மழைக்குக்கூட வராது.

முதல் தடவை கரண்டு கொடுக்கும்போது நேராகக் கொடுக்காதீர்கள். 12 வோல்ட் 5 வாட் பார்க்கிங் பல்பு ஒன்றை பிளஸ் வயரில் வரிசையாகச் சேர்த்துக் கொடுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே எடுத்துவிடுங்கள். எரியவில்லை, அல்லது மினுக்கென்று இருக்கிறது என்றால் தைரியமாக வண்டியில் மாட்டலாம். பல்பு இருக்கும்வரை எவ்வளவு பெரிய ஷார்ட்டாக இருந்தாலும் அரை ஆம்பியருக்குக் குறைவாகத்தான் போகும், போர்டு தப்பிக்கும்.

பாக்ஸ் உயிர் வந்ததும் முதல் வேலை, லேப்டாப்பை மாட்டி அதில் இருக்கும் செட்டிங்கை ஃபைலாக எடுத்துப் பத்திரப்படுத்துவது. இரண்டு வருடம் ஓடிச் சரியான அளவு அதில் இருக்கிறது. கிட் போட்டவரிடம் கேபிள் இருக்கும், பத்து நிமிட வேலை. ஃபைல் கையில் இருந்தால், நாளைக்கே அந்த பாக்ஸ் செத்தாலும் அதே மாடலை வாங்கி ஏற்றிக்கொள்ளலாம்.

மூடும்போது, காலிப் பெட்டியில் ஒரு சோதனை செய்துவிட்டு மூடுங்கள். கவனமாகப் படியுங்கள், போர்டு வெளியே இருக்கணும். மூடிக்குப் புது ரப்பர் ரிங் போட்டு, உள்ளே டிஷ்யூ பேப்பர் மடித்து வைத்து, சாக்கெட் இருக்கும் வாயை மட்டும் இறுக்கமாக அடைத்து மூடுங்கள். அந்தப் பல்புப் பெட்டியில் அரை மணி நேரம் சூடு காட்டுங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு வந்ததும் அப்படியே பக்கெட் தண்ணீரில் முக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். துடைத்துத் திறந்தால் டிஷ்யூ எந்த மூலையில் நனைந்திருக்கிறதோ அங்கேதான் ஓட்டை. அந்த ராத்திரி நடந்ததைத் திரும்ப நடத்திப் பார்க்கிறோம், போர்டு இல்லாமல்.

அது தேறினால் பெட்டியின் மேல் பக்கம் ஒரு வென்ட் போடுங்கள். ஹெட்லைட்டின் பின்னால் பொத்தான் மாதிரி ஒன்று இருக்குமே, அதே வேலை. அதற்குள் இருக்கும் சவ்வு காற்றை விடும், தண்ணீரை விடாது. பெட்டி ஆறும்போது மூச்சு அந்த வழியாகப் போகும், ரப்பர் ரிங்கில் இழுக்காது. ஆனால் வென்ட்டும் தண்ணீருக்குள் முங்கிவிட்டால் மூச்சு விட முடியாது. அதனால்தான் மேல் பக்கம் என்கிறேன். பாக்ஸையே பேட்டரி பக்கத்திலிருந்து தூக்கி, ஃபயர்வால் (எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு) ஓரம் எவ்வளவு உயரத்தில் முடியுமோ அங்கே, சைலன்ஸர் மேனிஃபோல்டு சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள். கப்ளர் கீழே பார்க்கணும், மறந்துவிடாதீர்கள்.

மேடவாக்கம் வேகன் எழுதியது:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். புதுப்பேட்டையில் அதே சாக்கெட் உள்ள செத்த பாக்ஸ் நானூறு ரூபாய்க்குக் கிடைத்தது. போர்டு வேலை தெரிந்த ஒருத்தர் சாக்கெட்டை மாற்றி, இரண்டு பாலமும் கட்டிக் கொடுத்தார். பல்பு லேசாக மினுக்கியது, அவ்வளவுதான்.

டிஷ்யூ சோதனையில் முதல் தடவை இடது மூலை ஸ்க்ரூ பக்கம் நனைந்தது. பார்த்தால் அந்த ஸ்க்ரூவின் பிளாஸ்டிக் மரை தேய்ந்து, இறுக்கவே இல்லை. கொஞ்சம் தடியான ஸ்க்ரூ போட்டேன். இரண்டாம் தடவை ஒரு பொட்டுக்கூட ஈரமில்லை. அப்புறம்தான் வென்ட் போட்டேன்.

செட்டிங் ஃபைலை எடுத்து என் மெயிலுக்கே அனுப்பி வைத்துக்கொண்டேன். நேற்று மதியத்திலிருந்து கேஸில் ஓடுகிறது, 310 கிலோமீட்டர் ஆகிறது, மிஸ் இல்லை, செக் லைட் இல்லை. பைபாஸ் கப்ளர் ஒன்றும் தனியாகச் செய்து வாங்கி டேஷ்போர்டு டிராயரில் போட்டிருக்கிறேன்.